கேபிளுக்கு முன்னால் நட்ட கல்

கடலுக்கடியில் கேபிள் போட்டுத் தீவுகளுக்கு மின்சாரம் கொண்டுபோவதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். கப்பல், முக்குளிப்பவர்கள், பக்கத்துப் பக்கத்துத் தீவுக்காரர்களுக்குள் யாருக்கு முதலில் என்ற செல்லச் சண்டை, எல்லாம் படத்தோடு இருந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த கப்பல் ஒரு ஜோடி மாட்டு வண்டி. கடல் என்று பார்த்தால் காவிரி, அதுவும் சித்திரை மாதத்துக் காவிரி, அதாவது மணல். தீவுகள் மட்டும் அசல். சண்டையும் அசல்.

ஸ்ரீரங்கமே ஒரு தீவுதான். இரண்டு பக்கமும் ஆறு. பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்த பிறகு அதை யாரும் தீவு என்று நினைப்பதில்லை. அதற்கு மேற்கே, காவிரி நடுவில், இரண்டு திட்டுகள் இருந்தன. மேற்கே இருப்பது மேலத்திட்டு, கிழக்கே இருப்பது கீழத்திட்டு. ஒவ்வொன்றிலும் முப்பது வீடு தேறும். வாழையும் கொஞ்சம் வெற்றிலையும். இரண்டுக்கும் நடுவில் குறுகலான ஒரு கால்வாய் மாதிரி ஆறு ஓடும். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் நூறு என்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்து எல்லோரும் மாமன் மச்சான் ஆகிவிட்டதால், இரண்டு திட்டுக்கும் எதிலும் போட்டி. எவன் வாழைத்தார் கனம், எவன் வீட்டுப் பொங்கல் முதலில் பொங்கியது, ஆடிப்பெருக்கன்று பரிசல் போட்டியில் எவன் முந்தினான். ஒரு திட்டில் இரட்டைக் கன்று போட்டால் மறு திட்டில் பசுவை முறைத்துப் பார்ப்பார்கள்.

நான் மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக்காரன். எங்கள் ஊரில் கிணற்றுக் கயிறு வீட்டைவிட நீளம். கல்லூரிப் படிப்பு முடித்து, மின்சார ஆபீசில் ஓவர்சியராகத் திருச்சியில் சேர்ந்தேன். ஐம்பதுகள் முடியும் சமயம். அந்தத் தை மாதம் கீழத்திட்டில் எனக்குப் பெண் கொடுத்தார்கள். திட்டுக்குள்ளேயே கொடுத்து எடுத்துப் பழகியவர்கள், தண்ணீர் இல்லாத ஊர்க்காரனுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கே சந்தேகம் உண்டு. மேலத்திட்டுக்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணப் பந்தியிலேயே மேலத்திட்டு நாட்டாமை, என் மனைவிக்கு மாமா முறை, என் மாமனாரைப் பார்த்துச் சொன்னார்:

"என்ன மச்சான், பொண்ணக் குடுத்து கரண்ட வாங்குற மாதிரியில்ல இருக்கு."

"உனக்கு ஏன் எரியுது? உன் வீட்லதான் இன்னும் பல்பே போடலியே" என்றார் மாமனார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பல்பு. நடுச்சுவரில் ஒரு ஓட்டை போட்டு அதில் மாட்டியிருந்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து அரிக்கேன் விளக்கோடு இருந்தவள். முதல் மாதம் முழுக்க, சாயங்காலம் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். கையில் வேலை இருக்காது.

"என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல. எரியுதில்ல? வீணா எரியுதேன்னு உக்காந்திருக்கேன்."

என் வேலையைப் பற்றி யாரும் அதைவிட மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாசியில் திட்டுகளுக்கு மின்சாரம் தரலாம் என்று உத்தரவு வந்தது. கம்பம் நட்டுக் கம்பி இழுக்க முடியாது. ஆறு பெருகினால் கம்பம் நிற்காது. வேறு ஒரு வேலையில் மிச்சப்பட்ட ஆற்றுக் கேபிள், மர உருளையில் சுற்றியது, இரண்டு டிரம் கிடைக்கும், ஒன்று உடனே, மற்றது பிறகு. ஒரே கேபிளை மேலத்திட்டுக்குப் போட்டு அங்கிருந்து கீழத்திட்டுக்கு இழுத்தால் டிரம் மிச்சமாகும் என்று நான் ஒரு யோசனை எழுதினேன். கீழத்திட்டில் அதைச் சொன்னபோது கூட்டம் எழுந்து போய்விட்டது. 

"அவன் சட்டியில மிஞ்சினத எங்க தட்டுல ஊத்துறதா? வேணாம் மாப்ள. எங்களுக்கு நேரா கரையிலேர்ந்து வரணும்" என்றார் மாமனார். மேலத்திட்டிலும் அதே பதில்தான், சட்டியும் தட்டும் இடம் மாறியிருந்தன.

ஆகவே யார் முதலில் மனு கொடுக்கிறார்களோ அவர்களுக்கு முதல் டிரம். தபால் பகுதியில் முத்திரை குத்தி எண் போடுவார்கள். அந்த எண்தான் வரிசை. இரண்டு திட்டும் ஒரே காலையில் கிளம்பியது. மேலத்திட்டுக்காரர்கள் ஆறு பேர் வேர்க்க விறுவிறுக்க ஆபீஸ் திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழத்திட்டுக்காரர்கள் பதினோரு மணிக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஆபீசிலேயே இருக்கும்போது என்ன அவசரம் என்று பாலக்கரையில் இறங்கி, ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்து, பொங்கலும் வடையும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் தபால் பகுதியில் வேலை செய்பவன் அல்ல என்பதும், செய்தாலும் முத்திரையை அழிக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து மேலத்திட்டில் சிறுசுகள்கூட ஆற்றங்கரையில் நின்று, "ரெண்டு பிளேட் பொங்கலுக்கு ஊரையே இருட்டாக்கிட்டாங்கடோய்" என்று கத்தும்.

சித்திரையில் மேலத்திட்டுக்குக் கேபிள் போட்டோம். மணலில் மூன்றடிக்குப் பள்ளம், அதில் கேபிள், அதன் மேல் சலித்த மணல், மேலே குறுக்காகச் செங்கல், மறுபடி மணல். கேபிள் இறங்கும் இடத்தில் ஒரு கல், ஏறும் இடத்தில் ஒரு கல். முழங்கால் உயரக் கருங்கல். முகத்தில் அம்புக்குறி வெட்டியிருக்கும். பின்னால் தோண்டுபவன் கேபிளை வெட்டிவிடக் கூடாது என்பதற்கான அடையாளம். கேபிளைப் போட்டுச் சோதித்த பிறகே கல் நட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது, காரணமும் நியாயமானது: கல் இருந்தால் கேபிள் இருக்கிறது என்று அர்த்தம்.

கல் நட்ட மறுநாள் மேலத்திட்டுப் பெண்கள் அதைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலையும் விழுந்தது. அம்புக்குறி மூக்கு மாதிரி இருந்ததால் அதற்கு இரண்டு பக்கமும் கண் வரைந்தார்கள். இந்தச் செய்தி கீழத்திட்டுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அங்கிருந்து எங்கள் பின்கட்டுக்கு வர அதைவிடக் குறைந்த நேரம்தான்.

சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "எங்க ஊருக்கும் ரெண்டு கல்லு வந்திருக்காமே. கரையில சும்மா கெடக்காமே."

"கேபிள் வந்ததும் நடுவோம்."

"கேபிள் எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு வாரத்துல."

"அப்ப ரெண்டு வாரம் முன்னாடி கல்லு நட்டா என்ன? கல்லுக்கு ஷாக் அடிக்குமா?"

விதியைச் சொன்னேன். எண்ணோடு சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் ரசம் ஊற்றினாள், கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி. "எங்கப்பா மேலத்திட்டுப் பக்கம் முகத்தத் திருப்பறதில்ல. நீங்க மாப்பிள்ளையாகி நாலு மாசம் ஆச்சு. ஒண்ணும் கேட்டதில்ல அவரு. ரெண்டு கல்லு" என்றாள்.

கொடுத்தேன். ஒரு வைகாசி காலையில் கீழத்திட்டார் அந்த இரண்டு கற்களையும் மேளம் வைத்துத் தூக்கிப்போய், கரையில் ஒன்றும் திட்டில் ஒன்றுமாக நட்டுப் பொங்கல் வைத்தார்கள். மேலத்திட்டுக் கல்லைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும்படி அடியில் மேடு கட்டினார்கள். நான் சரக்குப் புத்தகத்தில் நான்கு கற்களும் நடப்பட்டன என்று எழுதினேன். கற்கள் கையில் இல்லை, ஆகவே நட்டாயிற்று. அதில் பொய் எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து மேலதிகாரி ஒருவர் வேலையைப் பார்வையிட வந்தார். மணலில் நடந்தால் பூட்ஸுக்குள் மணல் போகும் என்பதால் ஸ்ரீரங்கம் கரையிலேயே நின்றார். கரையில் இரண்டு கல் இருந்தன. கண்ணுக்குக் கையைக் குடையாக வைத்து எதிரே பார்த்தார். திட்டுக்கு ஒன்றாக, மஞ்சள் பூசிய கற்கள் வெயிலில் நன்றாகத் தெரிந்தன. கையிலிருந்த அட்டையின் மேல் காகிதத்தை வைத்து, இரண்டு கேபிள்களும் புதைத்து அடையாளமிடப்பட்டன என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தேன். "சார், அதுல ஒண்ணுக்குக் கேபிள் இன்னும் வரல" என்று சொல்ல வேண்டிய நேரம் அது. சொன்னால், அப்படியானால் கல் எப்படி வந்தது என்பார். டிரம் எப்படியும் நாலு நாளில் வந்துவிடும், போட்டுவிட்டால் எழுதியது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பேனாவை மூடினார். நான் குடை பிடித்தேன்.

முடிந்த வேலைக்குச் சரக்கு அனுப்புவதில்லை. அதுவும் விதிதான், நியாயமான விதி. வழியில் இருந்த இரண்டாவது டிரம் வேறு எங்கோ திருப்பப்பட்டது. நான் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் ஆனி பிறந்து, மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து கல்லின் அடிவரை நின்றது. இனி தை மாதம் அடைக்கும்வரை ஆற்றில் மண்வெட்டி போட முடியாது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். எனக்கு அன்றைக்கு விருந்து. பரிசலில் அழைத்துப் போனார்கள். இலை போட்டு, பாயசத்தோடு உபசாரம். மேலத்திட்டில் அதற்குள் வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. போதாதென்று மூங்கில் கம்பு ஒன்றைக் கீழத்திட்டைப் பார்த்து நட்டு, அதன் உச்சியில் ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலத்திட்டு நாட்டாமை விருந்துக்குத் தானும் ஒரு தார் பழத்தோடு வந்திருந்தார்.

"மச்சான், எங்க வெளிச்சம் உங்க கொல்லை வரைக்கும் வருது. வரி கேக்க மாட்டோம், பயப்படாத."

மாமனார் சிரித்தார். "சிரி சிரி. எங்க மாப்ள போடுற கேபிளுக்கு உன் பல்பெல்லாம் மினுக்கட்டான் பூச்சி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்ப வருது மாப்ள?"

இலையில் மிச்சம் எதுவும் இல்லை. அதனால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது மேலத்திட்டு நாட்டாமையும் சிரிக்கவில்லை.

கொல்லையில் கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது அவள் கேட்டாள்.

"கல்லு நட்டதாலயா?"

டிரம் ஒதுக்கீடு எப்படி நடக்கிறது, பார்வைக் குறிப்பு எந்த வழியாக எங்கே போகிறது, முடிவுச் சான்று வந்தபின் சரக்கை ஏன் நிறுத்துகிறார்கள் என்று வரிசையாக விளக்கினேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவும் சரி. அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டதாலதானே" என்றாள்.

இல்லை, நான் வாயைத் திறக்காததால் என்று சொல்லியிருக்க வேண்டும். அது வாயைத் திறக்காத இரண்டாவது முறை.

ஆடி முடிந்தது. ஆவணி முதல் வாரம் அழைக்கப் போனால் மாமனார் மட்டும் கரைக்கு வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. "வர மாட்டேங்குது மாப்ள. எங்க ஊருக்கு விளக்கு வராமப் போனது என்னாலதான், இங்க எரியாம நான் போயி அங்க விளக்குக்குக் கீழ உக்கார மாட்டேன்ங்குது. நான் சொல்லிப் பாத்துட்டேன். அவ ஆத்தா சொல்லியாச்சு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க." போய்ச் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து, "சாப்பாடு எங்க சாப்பிடுறீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஓட்டலில் என்றேன். "பச்சைமொளகா அதிகம் போடுவாங்க, பாத்து" என்றாள்.

இதற்குப் பிறகுள்ள மாதங்களைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது.

ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் பாலம் தாண்டி இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அம்மா மண்டபத்துக்கு மேற்கே கரையோடு நடப்பேன். கரையில் ஒரு மாமரம். அதற்கு நேர் எதிரே கீழத்திட்டு. நடுவில் ஆறு, பரிசல்காரனுக்குப் பத்து நிமிஷம். அவன் என்னைப் பார்த்ததும் துடுப்பை எடுப்பான். வேண்டாம் என்று கையாட்டுவேன். நாலு நாளில் அவனும் எடுப்பதை நிறுத்திவிட்டான். ஆறரைக்கு மேலத்திட்டில் பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். கீழத்திட்டில் அப்படி இல்லை. ஒவ்வொன்றாக வரும். யாரோ திரி ஏற்றி, யாரோ கண்ணாடி துடைத்து, ஒரு அரிக்கேன் இங்கே, இன்னொன்று அங்கே. நகரும். ஒரு வாரத்தில் எது எவர் வீடு என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது. மாமனார் வீட்டு விளக்கு முதலில் மாட்டுக்கொட்டகையில் தெரியும். அங்கே கொஞ்ச நேரம் தாழ்ந்து நிற்கும், பால் கறக்கிறார்கள். பிறகு கொல்லை வழியாக வந்து மறையும். மறுபடி வாசலில் வரும். அதைத் தூக்கி வருவது மாமியாரா அவளா என்பது நடையில் தெரியும். மாமியார் கொண்டுவந்தால் விளக்கு ஆடும். அவள் கொண்டுவந்தால் தண்ணீரில் பரிசல் போவது போல ஒரே மட்டத்தில் நகரும்.

இதைப் பார்ப்பதற்கு ஒரே இடைஞ்சல், மேலத்திட்டுக்காரர்கள் மூங்கிலில் தொங்கவிட்ட அந்தப் பெரிய பல்பு. அதன் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து கண் கூசும். கையை வைத்து அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டால்தான் அவள் விளக்கு தெரியும். நானே பள்ளம் வெட்டி, நானே செங்கல் அடுக்கி, நானே எரியவைத்த பல்பு.

வீட்டுக்குப் போனால் வீட்டுக்கார அம்மாள் முன்கட்டில் சஹஸ்ரநாமம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்பார். "ஏன் சார், உங்க சம்சாரம் இன்னும் வரலையா? ஆவணியே முடியப் போறதே. பெருமாள் கிருபையில விசேஷம் ஏதாவது உண்டா?"

"விசேஷம் இல்லீங்கம்மா. கேபிள் வரல."

அவர் அதற்குமேல் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் இலாகா சம்பந்தப்பட்ட எந்தப் பதிலுக்கும் மரியாதை இருந்தது. நான் பின்கட்டில் போய் ஸ்விட்ச்சைப் போடுவேன். பல்பு எரியும். அதற்குக் கீழே ஆள் இல்லாமல் எரிவது எனக்கே வீணாகத்தான் தெரிந்தது.

அவள் இப்போது இல்லை. நாற்பது வருஷத்துக்குமேல் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அந்த நாற்பதில் அவள் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்கு அறை நடப்பதை நான் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. மின்வெட்டு வந்தால் "மெழுகுவத்தி எங்கே" என்று கத்தியதுதான் ஞாபகம். பார்த்ததெல்லாம் அந்த ஆறேழு மாதம், ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

புரட்டாசியில் ஒரு காலை, மேலத்திட்டு நாட்டாமை இரண்டு பேரோடு ஆபீசுக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். கையில் ஒரு மனு, அடியில் முப்பது கைநாட்டு.

"தம்பி, எங்க கரண்ட நிறுத்திடுங்க."

"ஏன், என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. நல்லா எரியுது. அதான் குறை." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பொங்கல் தின்னுட்டு வரிசையில பின்னாடி போனாங்க, கேலி பண்ணோம். ஒரு ரெண்டு மாசம் இருட்டா இருப்பாங்க, அப்புறம் அவங்களுக்கும் வரும், எங்கள விட ஒசரமா ஒரு பல்ப மாட்டி எங்களக் கேலி பண்ணுவாங்க. அதுதானே மொறை? இப்ப என்னடான்னா எங்க சிறுசுங்க கரையில நின்னு கத்துனா பதிலே வர மாட்டேங்குது. ஆடிப்பெருக்குக்குப் பரிசல் விட்டோம். பாதி ஆத்துல எங்க மச்சான் துடுப்ப நிறுத்திட்டான் தம்பி. வேணும்னே. எங்கள ஜெயிக்க விட்டாங்க. அது எவ்வளவு பெரிய அசிங்கம் தெரியுமா?"

கூட வந்தவர் சொன்னார்: "வெத்தலைகூட முன்ன மாதிரி பிடுங்கித் திங்க மாட்டேங்குறாங்க. கேட்டு வாங்குறாங்க."

இணைப்பைத் துண்டிக்கப் படிவம் உண்டு. எடுத்து வைத்தேன். காரணம் என்ற இடத்தில் நான்கு காரணங்கள் அச்சடித்திருக்கும்: வீடு காலி, கட்டடம் இடிப்பு, உரிமையாளர் மரணம், கட்டணப் பாக்கி. பக்கத்து ஊருக்கு இல்லாமை என்று ஐந்தாவதாக ஒன்று இல்லை. நாட்டாமை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. என் முகத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது.

"அதுல இடம் இல்லீங்களா?"

"இல்லீங்க மாமா."

"நீங்க பாத்து ஏதாவது எழுதுங்க. எழுதுறது உங்க கையிலதானே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர்கள் போனபிறகு, அந்த மனுவை மேலே அனுப்பும்போது அதோடு வைக்க வேறொரு தாளை எடுத்தேன். நட்ட கற்கள் நான்கு. கேபிள் ஒன்று. மற்ற இரண்டு கற்கள் கேபிளுக்கு முன்பே விதிக்கு மாறாக நடப்பட்டன. பார்வையின்போது அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதிகாரியிடம் சொல்லவில்லை. யாருடைய கோரிக்கையின் பேரில் என்று கேட்பார்கள் என்று தெரியும், கேட்கும் முன்பே எழுதினேன்: யாருடைய கோரிக்கையின் பேரிலும் அல்ல, என் சொந்தப் பொறுப்பில். அதை எழுதியபோது மட்டும் ஒரு வினாடி பேனா நின்றது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே உண்மையான அறிக்கையில், ஒரே பொய் அந்த வரி.

பிறகு நடந்தது நடக்க வேண்டிய வரிசையில் நடந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். மறுபடி கேட்டார்கள், அதையே கொடுத்தேன். கரையில் நின்று எழுதிய அதிகாரி என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவருக்கும் அதற்குக் காரணம் இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் நான்கு வரி ஏறியது. டிரம் போன இடத்தில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்று தெரிந்து, அதைத் திரும்ப அனுப்ப உத்தரவானது. துண்டிப்பு மனு, காரணம் படிவத்தில் இல்லாததால், தள்ளுபடி. அதைக் கேட்ட அன்றே மேலத்திட்டு நாட்டாமை ஒரு பையனை மூங்கில் கம்பில் ஏறச் சொல்லி அந்தப் பெரிய பல்பைக் கழற்றிவிட்டார். எனக்காகச் செய்யவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கையை வைத்து மறைக்காமல் அவள் விளக்கைப் பார்த்தேன்.

மாமனார் ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நின்றார். 

"பொண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. வேலை போயிடுமான்னு."

"போகாதுங்க. செவப்பு மையில எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்."

"அது எப்ப அழியும்?"

"அழியாது. ரிட்டயர் ஆகுற வரைக்கும் இருக்கும்."

அவர் யோசித்தார். "அப்ப ரிட்டயர் ஆகுற வரைக்கும் வேலை இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு, திருப்தியாகப் பஸ் ஏறப் போனார்.

அவள் அதற்கும் வரவில்லை. வருவாள் என்று நினைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். எழுதியதற்குக் கூலி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது விளக்கைப் பற்றி. தாளைப் பற்றி அல்ல.

தை கடைசியில் தண்ணீர் நின்றது. மாசி நடுவில் மணல் வெளுத்தது. டிரம் வந்தது. ஆள் பற்றாது என்றேன். கீழத்திட்டு முழுக்க மண்வெட்டியோடு நின்றது. மேலத்திட்டும் வந்து நின்றது, கூப்பிடாமலே. "நீங்க தோண்டுறதுக்குள்ள மறுபடி தண்ணி தொறந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தார்கள். நடுவில் சந்தித்தபோது எவன் பக்கம் நேராக வந்திருக்கிறது என்று அரைநாள் சண்டை. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் ஆற்றில் கேட்டது.

செங்கல் தூக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்தாவது ஆள் அவள். கொஞ்சம் கறுத்திருந்தாள். நான் பள்ளத்தின் ஓரத்தில் நூல் பிடித்து நின்றேன்.

"அதக் குறுக்கால வைக்கணும்" என்றேன்.

"எப்படிங்க ஓவர்சியர் அய்யா? இப்படியா?" 

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"இப்ப சரியா இருக்குங்களா அய்யா? அப்புறம் சரியில்லன்னு எழுதிடாதீங்க." 

பெண்கள் சிரித்தார்கள். நான் நூலைப் பார்த்தேன். அன்று அவள் வைத்த செங்கல் ஒவ்வொன்றையும் திருத்தினேன். திருத்த எதுவும் இல்லை.

பங்குனி பிறந்து நாலாம் நாள் கீழத்திட்டில் மின்சாரம் வந்தது. மாமனார் வீட்டில் முதல் பல்பு. எரிந்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலத்திட்டு நாட்டாமைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களதவிட மங்கல்" என்றார். உடனே இருபது குரல் ஒன்றாகச் சண்டைக்கு எழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்முன், அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பரிசல் வேண்டியிருக்கவில்லை, மணலில் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"எங்க இருக்கு அது?"

மூடிய பள்ளத்தின் மணல் மட்டும் இன்னும் ஈரமாக, கொஞ்சம் கறுப்பாக, திட்டிலிருந்து ஸ்ரீரங்கம் கரைவரை ஒரு கோடாகத் தெரிந்தது. காட்டினேன். அவள், தான் அதன் மேல் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று ஒரு பக்கமாகத் தள்ளி நின்றாள்.

"மிதிக்கலாம்" என்றேன். "மூணு அடி மணல் இருக்கு. செங்கல் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"தெரியும். நான்தானே வெச்சேன்."

ஆனாலும் மிதிக்கவில்லை. கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, அதை ஒட்டியே நடந்தாள். கோடு வளைந்த இடத்தில் அவளும் வளைந்தாள். குறுக்காகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்டி கனமாகத்தான் இருந்தது. சொல்லாமல் பின்னாலேயே நடந்தேன், கரை இன்னும் தூரமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு.